நான்காவது டேக்

அவன் என்னை முதன்முதலில் அழைத்தபோது, நான் சிட்னியில் பரமட்டா பகுதியில் ஒரு அலுவலகத்தில் மென்பொருள் சோதனை செய்துகொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டரில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்திருக்கிறேன். அந்தப் பழக்கம் விடவில்லை. சிட்னிக்கு வந்த பிறகு சொந்தமாக ஒரு ரெக்கார்டர், இரண்டு காலர் மைக், ஒரு நீளக் கம்பி மைக் வாங்கி வைத்திருந்தேன். சனி ஞாயிறுகளில் யாராவது குறும்படம் எடுத்தால் போய் ஒலிப்பதிவு செய்து கொடுப்பேன்.

அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. பஞ்சாபிலிருந்து மெல்பனுக்குப் படிக்க வந்தவன். கணக்கியல் படிப்பதாக வீட்டுக்குச் சொல்லி, உண்மையிலேயே அதைப் படித்தும் முடித்து, அதன் பிறகு ஒரு நாள்கூட அந்த வேலைக்குப் போகாதவன். கல்யாண வீடியோ எடுத்தான், சாப்பாடு டெலிவரி செய்தான், மிச்ச நேரத்தில் பஞ்சாபியில் ஏழு நிமிடம், பத்து நிமிடம் என்று படங்கள் எடுத்து இணையத்தில் போட்டான். ஆயிரம் பேர் பார்த்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தருவான். சிட்னிக்கு மாறியது முழுநீளப் படம் ஒன்று எடுக்கத்தான்.

"பாஜி, எனக்கு சவுண்டுக்கு ஆள் வேணும்" என்றான். பஞ்சாபியில் பாஜி என்றால் அண்ணன். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அது தடுமாறினால் என்னுடைய உடைந்த இந்தியில். இங்கே எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுகிறேன்.

"எனக்கு பஞ்சாபி ஒரு வார்த்தைகூடத் தெரியாதேப்பா."

"சத்தம் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு பாஷை எதுக்கு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

படத்தின் கதை ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றியது. சிட்னிக்கும் மெல்பனுக்கும் இடையே சரக்கு ஓட்டுகிறவர். ஊரில் மகளுக்குக் கல்யாணம். இவருடைய விசா விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. படம் முழுக்க அவர் போவாரா மாட்டாரா என்பதுதான். அந்த வேடத்துக்கு நடிகர் யாரையும் அவன் தேடவில்லை. தான் வீடியோ எடுத்த ஒரு கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, இருபது நிமிடம் பேசி, எல்லோரையும் சிரிக்கவும் அழவும் வைத்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். நிஜமாகவே லாரி ஓட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். பிளாக்டவுனில் வீடு. மனைவி காய்கறி பேக் செய்யும் கிடங்கில் வேலை பார்த்தார். அவர் எங்களுக்கு ஆன்ட்டி. ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் ஒரு பெரிய டப்பாவில் பராத்தா கொடுத்தனுப்புவார்.

அங்கிளுக்கு நடிப்பு வந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "நான் ஓட்டுற மாதிரி ஓட்டுறேன், பேசுற மாதிரி பேசுறேன், இவன் கட் கட்னு கத்துறான்" என்பார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் படம் பிடித்தோம். என் ஹெட்போனுக்குள் அவர் குரல் ஒன்பது வாரம் இருந்தது. வார்த்தைகள் புரியாததால் குரலையே கவனித்தேன். எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த எழுத்தில் அழுத்துகிறார், பொய்யாகச் சிரிக்கும்போது தொண்டை எப்படி மாறுகிறது என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

பத்தாவது ஞாயிறு முக்கியமான காட்சி. லாரிக்குள் உட்கார்ந்து, அப்பா மகளிடம் போனில் பேச வேண்டும். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார். கடைசியில், "அழாதே, நான் வந்துடுவேன்" என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. தெரிந்தவர் ஒருவருடைய லாரி யார்டில் பகல் வெளிச்சத்தில் எடுத்தோம். நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும்.

காமிராவை லாரியின் முன்னால் வைத்துக் கண்ணாடி வழியாக எடுத்தான். கதவுகள் சாத்தியிருந்தன. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுத்துத் தூங்குவதற்கு ஒரு பலகைப் படுக்கை இருக்குமே, அதில் காமிராவுக்குத் தெரியாமல் நான் முடங்கிக் கிடந்தேன். வழக்கமாக இயக்குநருக்கும் ஒரு ஹெட்போன் கொடுப்பேன். அன்று காலை அதன் வயர் கதவில் மாட்டி அறுந்துபோயிருந்தது. "பரவாயில்ல பாஜி, நீங்க கேட்டாப் போதும்" என்றான்.

மூன்று டேக் எடுத்தோம். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவனுக்குத் திருப்தியில்லை. கதவைத் திறந்து ஏதோ மெல்லச் சொன்னான். அங்கிள் தலையாட்டினார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்காவது டேக் தொடங்கியது.

முதல் ஒரு நிமிடம் பழைய மாதிரியே போனது. பிறகு அவர் பேச்சின் வேகம் குறைந்தது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு வார்த்தையைத் தொடங்கி, விட்டு, வேறு ஏதோ சொன்னார். மூன்று தடவை கேட்டதில் அந்த வசனத்தின் ஓசை எனக்கு மனப்பாடம். இது வேறு என்று எனக்குத் தெரிந்தது. அப்போது அவர் வலது கையிலிருந்து போன் நழுவி மடியில் விழுந்தது. இடது கையால் தடவி எடுத்தார். காதில் வைத்தார். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த இடுக்குக்குள் முடங்கியபடி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனுஷன் என்னமா நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"கட்!" என்று கத்திக்கொண்டு அவன் ஓடி வந்தான். கதவைத் திறந்து அங்கிளைக் கட்டிப்பிடித்தான். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். காட்சியிலிருந்து வெளியே வர முடியாமல் இருக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

"பாஜி, சவுண்ட் ஓகேவா?"

"ஓகே. க்ளீன்" என்றேன்.

கால் மணி நேரத்தில் அங்கிள் பழைய அங்கிளாகிவிட்டார். பராத்தா சாப்பிட்டார், டீ குடித்தார், கொஞ்சம் தலைவலி என்றார். நாலு மணிக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை மதியம் அலுவலகத்துக்கு அவன் போன் வந்தது. "பாஜி, அங்கிள் காலைல பாத்ரூம்ல விழுந்துட்டார். ஸ்ட்ரோக்காம்." ஆஸ்பத்திரி எங்கள் அலுவலகத்துக்குப் பக்கம்தான், நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். ஆன்ட்டி கிடங்கு வேலைக்குப் போடும் பளபளக்கும் மஞ்சள் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விடவில்லை. அவருக்கு வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் வரவில்லை என்றார். இயந்திரத்தில் காசு போட்டு ஒரு காபி எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் என்னைக் கூப்பிட்டான். எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தான்.

"பாஜி, நாலாவது டேக்ல அங்கிள் என்ன பேசுறார்?"

"என்னைக் கேட்டா? உனக்குத்தானே பஞ்சாபி தெரியும்."

"இது பஞ்சாபி இல்ல பாஜி."

போனை வைத்துவிட்டேன்.

அப்போது நான் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்த வீட்டு அக்கா நர்ஸ். பல வருடமாக ஸ்ட்ரோக் வார்டில் வேலை. அன்று மாலை குசினியில் அவர் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"அக்கா, ஒரு சவுண்ட் போடுறேன். கேட்டுட்டு என்னன்னு சொல்றீங்களா? பஞ்சாபி பாஷை. படத்துக்கு எடுத்தது."

"எனக்கெங்க பஞ்சாபி தெரியும்? சரி, போடுங்கோ."

லேப்டாப்பில் போட்டேன். அக்கா வெட்டிக்கொண்டே கேட்டார். குரல் இழுக்கத் தொடங்கிய இடத்தில் கத்தி நின்றது.

"நிப்பாட்டுங்கோ." கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். "ஆர் இந்த ஆள்? இப்ப எங்க இருக்கிறார்?"

"இது நடிப்பு இல்லையா அக்கா?"

"என்ன நடிப்பு? எங்கட வார்ட்டில ஒவ்வொரு நாளும் கேக்கிற குரல் தம்பி இது. இது ஸ்ட்ரோக்குக்கு முதல் வாற எச்சரிக்கை. கொஞ்ச நேரத்தில தானாச் சரியாகிவிடும், சனம் பேசாம இருந்திடும். உடனே கொண்டு போயிருந்தா..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஆரும் பக்கத்தில இருக்கேல்லையா?"

"நான் இருந்தேன் அக்கா. எனக்கு அந்த பாஷை தெரியாது."

அக்கா எழுந்து போய் மிச்ச வெங்காயத்தை வெட்டத் தொடங்கினார். அவருக்கும்தான் அந்தப் பாஷை தெரியாது. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கொண்டு போயிருந்தாலும் என்ன நடந்திருக்கும் எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது" என்றார். ஓம் என்று அவர் பேச்சிலேயே பதில் சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன்.

படத்தில் அந்த டேக்கைப் போடுவதா வேண்டாமா என்பது அடுத்த பிரச்சினையாக வந்தது. நான் வேண்டாம் என்றேன்.

"மூணாவது டேக் இருக்கே. அதுவும் நல்லாத்தானே இருக்கு?"

"மூணாவது டேக்ல ஒரு நல்ல மனுஷன் வசனம் பேசுறார் பாஜி. நாலாவது டேக்தான் படமே." இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னைக் கெட்டவன்னு நினைக்காதீங்க. என் விசா இன்னும் எட்டு மாசம். அதுக்குள்ள இந்தப் படம் எங்கேயாவது பேர் வாங்கலைன்னா, நான் ஊருக்குப் போய் அப்பாவோட கடையில உட்காரணும். இன்னொரு படம் எடுக்க எனக்கு வழியே இல்ல."

அவனைக் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை. அங்கிளின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்த அளவு அவருடைய சொந்தக்காரர்கள்கூட உட்காரவில்லை. ஆஸ்பத்திரியில் யாரும் செய்துவிட மாட்டார்கள் என்பதால் தாடியைச் சீவி விடுவதற்கென்றே தினமும் போனான்.

அங்கிளிடமே கேட்போம் என்று போனோம். அப்போது அவரை மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆன்ட்டியும் இருந்தார். அவன் கட்டிலருகே குனிந்து, பஞ்சாபியில் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். அங்கிள் கவனமாகக் கேட்டார். "ஹாஞ்சி" என்றார். ஆமாம் என்று அர்த்தம். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஆன்ட்டி சிரித்தார். "அவருக்கு மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு வார்த்தைதான். சாப்பிட்டாச்சான்னா ஹாஞ்சி. இன்னும் சாப்பிடலையான்னாலும் ஹாஞ்சி. டாக்டர் இது எந்த வருஷம்னு கேட்டார். அதுக்கும் ஹாஞ்சி."

பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்துப் போய், "நான் கேக்கணும்" என்றார்.

என் ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது உதட்டை அசைத்து, அவர் என்ன சொல்ல வந்தார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். முடியவில்லை.

நான் சொல்லிவிட்டேன். "ஆன்ட்டி, அன்னைக்கு இதைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். வேற யாருக்கும் கேக்கல. நான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு வாரமா தலை வலிக்குதுன்னார். நான் மாத்திரை கொடுத்துட்டு வேலைக்குப் போனேன். நீ ரெண்டு நிமிஷம் கேட்ட." அவ்வளவுதான் சொன்னார். என்னை மன்னித்தாரா, தன்னைத் திட்டிக்கொண்டாரா என்று எனக்குப் புரியவில்லை.

அவனிடம், "படத்துல போடு" என்றார். இரண்டு நாள் கழித்து அவனுக்குப் போன் செய்து, போடாதே என்று அழுதார். அந்த வார இறுதியில், "உங்களுக்குத்தான் தெரியும், படிச்சவங்க, எது சரியோ செய்யுங்க" என்றார். அவன் போட்டான்.

சுத்தமான ஒலி என் ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. அவனிடம் இருந்தது காமிராவில் பதிந்த மங்கலான நகல். கோப்பு கெட்டுவிட்டது என்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவன் நம்பியிருப்பான். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கோப்பை அனுப்பினேன். அனுப்பிய பிறகும் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் திரையிடல் பிளாக்டவுன் பக்கம் ஒரு சமூகக் கூடத்தில், சனிக்கிழமை மதியம். முந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள், பலர் நின்றார்கள். அங்கிளைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து முன்வரிசை ஓரத்தில் வைத்திருந்தார்கள். புதுத் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள். ஆன்ட்டி பக்கத்தில் இருந்தார். நான் பின்னால் சுவரோரம் நின்றேன்.

அந்தக் காட்சி வந்தது. போன் விழுந்தபோது கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒவ்வொருவராக மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள். லாரி ஓட்டும் ஆட்கள், டாக்ஸி ஓட்டும் ஆட்கள், தாடியில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் முன்வரிசையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கிள் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பெரிய குரலில், தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்ட்டி துப்பட்டாவால் அவர் வாயை மூடப் பார்த்தார். இரண்டு பேர் எழுந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். படம் ஓடிக்கொண்டிருந்தது. நானும் வெளியே போனேன். கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு வருவதுண்டு, அது அவர்கள் கையில் இல்லை என்று அக்கா பின்னால் எனக்குச் சொன்னார். அன்று அதுதானா என்று கேட்டதற்கு, அக்காவாலும் சொல்ல முடியவில்லை.

மெல்பனிலும் ஒரு திரையிடல் வைத்தான். நான் அங்கே நோபல் பார்க்கில் அக்காவின் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு போனேன். படம் முடிந்து கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். "அந்த போன் காட்சியில அவரை அப்படி நடிக்க வைக்க நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். வாயைத் திறந்தான். "அவர் பெரிய கலைஞர்" என்றான். கைதட்டினார்கள். அதற்கப்புறம் எங்கே கேட்டாலும் அதையே சொன்னான் என்று கேள்விப்பட்டேன்.

எட்டு மாதம் முடிந்தது. விசா கிடைக்கவில்லை. ஊருக்குப் போனான். ஆனால் அப்பாவின் கடையில் உட்கார வேண்டி வரவில்லை. அந்தக் காட்சியை யாரோ வெட்டி இணையத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். இப்போது கல்யாண வீட்டுக் குழப்பங்களை வைத்து நகைச்சுவைப் படங்கள் எடுக்கிறான். இரண்டு வந்துவிட்டன, இரண்டும் ஓடின. "இன்னும் ஒரு அழுகை சீன் வைங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க பாஜி, எனக்கு வரமாட்டேங்குது" என்று ஒரு முறை சொன்னான். நான் ஒலிப்பதிவுக் கருவிகளை விற்றுவிட்டதாக அவனிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், ஆன்ட்டி கடைக்குப் போய் வரும்வரை அங்கிளோடு இருக்கச் சொன்னார். முன்னறையில் இருவரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வீடியோவில் கூப்பிட்டான். வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறான். புதுப் படத்தைப் பற்றிப் பஞ்சாபியில் ஏதேதோ சொல்லி அங்கிளைச் சிரிக்க வைத்தான். இப்போது எனக்கும் அந்தப் பாஷை கொஞ்சம் புரியும். இந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன். போனை வைக்கும் முன், "அங்கிள், என் மேல கோபமா?" என்று கேட்டான்.

"ஹாஞ்சி" என்றார் அங்கிள்.

அவன் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் நின்றதா அவன்தான் அசையாமல் இருந்தானா தெரியவில்லை. பிறகு, "சரி அங்கிள், அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சிறிது நேரத்தில் அங்கிள் இடது கையை ஆட்டத் தொடங்கினார். ஏதோ வேண்டும். "தண்ணியா?" "ஹாஞ்சி." கொண்டு வந்தேன், தள்ளிவிட்டார். "டிவி சத்தமா?" "ஹாஞ்சி." கூட்டினேன், குறைத்தேன், இல்லை. போர்வை, தலையணை, பாத்ரூம். எல்லாவற்றுக்கும் ஹாஞ்சி, எதுவுமே இல்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது, கையை நாற்காலியில் அடித்தார். பஞ்சாபியில் எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டி பைகளோடு உள்ளே வந்தார். ஒரு தடவை அவரைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, நேரே ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டார். வெயில் அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.